லிஃப்ட் போட்ட ஜிப்ஸி: கமான் பட்டையை மாற்றினால் குலுக்கல் குறையுமா?

கரிசல் ஜிப்ஸி (தே.கல்லுப்பட்டி)

வணக்கம். என்னிடம் இருப்பது 2003 மாடல் ஜிப்ஸி கிங். 1298 சிசி, துணிக்கூரை வண்டி. இரண்டு வருடத்துக்கு முன் வாங்கினேன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் மலையில் ஏற்றுவதற்காக லிஃப்ட் போட்டிருக்கிறார். கம்பெனி உயரத்தைவிட இரண்டரை அங்குலம் தூக்கலாக நிற்கிறது. டயர் 215/75 ஆர்15. பார்க்க எடுப்பான வண்டி.

கல்லுப்பட்டியிலிருந்து பேரையூர் போகிற ரோட்டை விட்டு இறங்கி, நாலு கிலோமீட்டர் மண்பாதையில் போனால் எங்கள் காடு. சுத்தக் கரிசல். மழை நேரத்தில் டிராக்டர் போன தடம் அப்படியே காய்ந்து கல் மாதிரி நிற்கும். அந்தப் பாதையில் இரண்டாவது கியரில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே சீட்டிலிருந்து ஆளைத் தூக்கிப் போடுகிறது. ஒவ்வொரு குழிக்கும் பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். வண்டி குழிக்குள் இறங்கி ஏறுகிற மாதிரியே இல்லை, மேலேயிருந்து விழுகிற மாதிரி இருக்கிறது.

அப்பாவுக்கு 68 வயது, இடுப்பில் டிஸ்க் தொந்தரவு. போன ஆவணியில் உழவு பார்க்க என்னோடு வந்தவர், பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். “நீ போ, நான் நடந்து வர்றேன்” என்றார். வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தார். அதற்கப்புறம் ஜிப்ஸியில் ஏறவே இல்லை. எக்ஸ்எல் வண்டியில் போய்வருகிறார். இந்த இடுப்போடு அந்தத் தடத்தில் அவர் இரண்டு சக்கரத்தில் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று வண்டிக்கு அடியில் படுத்து எண்ணினேன். பின்னால் ஒரு பக்கத்துக்கு 8 கமான் பட்டை (வண்டியின் எடையைத் தாங்கும் வளைந்த எஃகு ஸ்பிரிங் தகடு). மேலே உள்ள 5 பட்டை 6 மில்லிமீட்டர் கனம், கீழே 3 பட்டை 8 மில்லி கனம். முன்னால் 6 பட்டை, அதில் கீழே இரண்டு 8 மில்லி.

திருமங்கலத்தில் ஒருவர் “கீழே இருக்கிற கனத்த பட்டையை உருவிப் போடுங்க, மெத்தை ஆகிடும்” என்கிறார். மதுரையில் ஒரு கடையில் “பட்டையைத் தொடாதீங்க, கேஸ் ஷாக் (வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்) நாலு போட்டால் போதும்” என்றார்கள். எதை நம்புவது? உயரத்தை மொத்தமாக விட எனக்கு மனமில்லை. பாதையில் இரண்டு வாய்க்கால் வரப்பு ஏறி இறங்க வேண்டும், உயரம் இல்லாத வண்டிக்கு வயிறு தட்டும்.

---

மேலூர் தார்

முதலில் காற்றைப் பாருங்க நண்பா. டயரில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? மண்பாதையில் இறங்கும்போது 20, 22க்குக் குறைத்துவிட்டு, திரும்பி ரோடு ஏறும்போது பழையபடி ஏற்றிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் பம்பு ஒன்று வண்டியில் கிடக்கட்டும். குறைந்த காற்றோடு தார் ரோட்டில் வேகமாக மட்டும் போகாதீர்கள், டயரின் பக்கச் சுவர் சூடாகிவிடும். காசு செலவில்லாத வேலை இது ஒன்றுதான்.

---

கரிசல் ஜிப்ஸி

34 இருந்தது அண்ணே. 20க்கு இறக்கி நேற்று போய் வந்தேன். பொடிக்கல் அதிர்வு நன்றாகவே குறைந்தது. ஆனால் டிராக்டர் தடத்தில் அதே அடி, அதே ‘டங்’.

---

நாகமலை நாலுசக்கரம்

தம்பி, நான் 14 வருடமாக ஜிப்ஸி ஓட்டுகிறேன். உங்கள் பிரச்சினை வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது, ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வேண்டாம். எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு அளவு எடுத்துச் சொல்லுங்கள்.

முதல் அளவு. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்காட் விளிம்பு வரை டேப் வைத்து அளங்கள். அப்புறம் 50 கிலோ சிமெண்ட் மூட்டை நாலு, சரியாகப் பின் அச்சுக்கு மேலே வருகிற மாதிரி ஏற்றுங்கள். ஏற்றியதும் உடனே அளக்கக் கூடாது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டு நிற்கும், பொய் அளவு காட்டும். பின் பம்பரில் ஏறி நின்று நாலு தடவை குதித்து, வண்டியைப் பத்தடி உருட்டிவிட்டு அளங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள்.

இரண்டாவது, பின் ஷாக் அப்சார்பர். வண்டி நிற்கிற நிலையில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கீழ் போல்ட்டைக் கழற்றி, ஷாக்கைக் கடைசி வரை இழுத்து மறுபடி அளங்கள். அந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

---

கரிசல் ஜிப்ஸி

அளந்துவிட்டேன். 200 கிலோவுக்கு இடப்பக்கம் 18 மில்லி, வலப்பக்கம் 18 மில்லி இறங்கியது. நான்கு மூட்டை ஏற்றிய வண்டி மாதிரியே தெரியவில்லை. ஷாக்கில் மிச்சம் இருக்கிற இழுவை 25 மில்லி மட்டும்.

---

நாகமலை நாலுசக்கரம்

அப்படியென்றால் எல்லாம் தெரிந்துவிட்டது.

முதலில் அந்த ‘டங்’. வண்டியை இரண்டரை அங்குலம் தூக்கியவர், கம்பெனி நீளத்து ஷாக்கையே விட்டிருக்கிறார். உடம்பு மேலே போனதால் ஷாக் நிற்கும்போதே கிட்டத்தட்ட முழுசாக நீண்டு நிற்கிறது. சக்கரம் குழிக்குள் இறங்கப் பார்க்கும், 25 மில்லியில் ஷாக் இழுத்துப் பிடித்துவிடும். அதற்கு மேல் சக்கரம் இறங்காது, மொத்த வண்டியும் சேர்ந்துதான் விழும். நீங்கள் எழுதிய ‘விழுகிற மாதிரி’ என்பது இதுதான். இதே நீளத்தில் எவ்வளவு விலைக்குக் கேஸ் ஷாக் போட்டாலும் இதே சத்தம்தான் வரும். கேஸ் ஷாக் இன்னும் கொஞ்சம் விறைப்பாகக்கூட இருக்கும்.

அடுத்தது பட்டை. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மில்லி பட்டைக்கு 6x6x6, 216. 8 மில்லி பட்டைக்கு 8x8x8, 512. பார்வைக்கு 2 மில்லிதான் வித்தியாசம், விறைப்பில் இரண்டே கால் மடங்குக்கு மேல். உங்கள் செட்டில் மெல்லிய பட்டை அஞ்சும் சேர்ந்து 1080. கனத்த மூன்றும் சேர்ந்து 1536. அதாவது கீழே கிடக்கிற மூன்று பட்டைதான் பாதிக்கும் மேலே விறைப்பைத் தருகிறது. எப்போதும் சாமான் ஏற்றுகிற வண்டிக்கு அது சரி. நீங்களும் அப்பாவும் ஒரு தூக்குவாளியும் போகிற வண்டிக்கு அது எதற்கு?

அப்படியானால் திருமங்கலத்துக்காரர் சொன்ன மாதிரி அந்த மூன்றையும் உருவிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். 200 கிலோவுக்கு 18 மில்லி என்றால், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு மில்லி அமுங்க 11 கிலோ வேண்டும். பின் பட்டைகள் மேல் எப்படியும் 400 கிலோ உட்கார்ந்திருக்கும் என்று வையுங்கள், இப்போது 36 மில்லி அமுங்கி நிற்கிறது. மூன்றையும் உருவினால் மில்லிக்கு நாலரை கிலோதான் தாங்கும், அதே எடைக்கு 88 மில்லி அமுங்கும். வண்டி 52 மில்லி, அதாவது இரண்டு அங்குலம் உட்கார்ந்துவிடும். உங்கள் லிஃப்ட் கிட்டத்தட்ட முழுக்கப் போச்சு. போதாததற்கு செட்டு கனம் குறைவதால், அதை அச்சோடு கட்டுகிற யு-போல்ட்டின் மரை போதாமல் நட் அடியில் முட்டி நிற்கும், இறுக்கியது போல் இருக்கும், இறுகியிருக்காது. ஓட ஓட அச்சு நகரும், பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட் வெட்டுப்படும். என் கண் முன்னால் சிறுமலைக் கொண்டை ஊசி வளைவில் ஒரு வண்டியின் சென்டர் போல்ட் அறுந்து, பின் அச்சு கோணிக்கொண்டு நின்றது.

உயரத்தைத் தருவது பட்டையின் வளைவு. விறைப்பைத் தருவது கனமும் எண்ணிக்கையும். இரண்டும் வேறு. உங்களுக்கு லிஃப்ட் போட்டவர் கனத்தை ஏற்றி உயரத்தை வாங்கியிருக்கிறார், அது சுலபமான வழி. நீங்கள் மெல்லிய பட்டையை எடுத்து வளைவைக் கூட்டி அடித்து வாங்குங்கள். பின்னால் 6 மில்லியில் 6 பட்டை போதும். 6 தடவை 216, 1296. இப்போது இருக்கிற 2616க்கு இது சரிபாதி. வளைவு இப்போதைய செட்டைவிட அரை அங்குலம் கூட இருக்கட்டும். நின்ற நிலையில் ஒரு அங்குலம் குறையும், ஒன்றரை அங்குல லிஃப்ட் மிஞ்சும். அந்த ஒரு அங்குலத்தை விட்டுக்கொடுங்கள். ஜிப்ஸி ஒடுக்கமான வண்டி. உயரமும் வேண்டும், மெதுவாகவும் வேண்டும் என்று இரண்டையும் இழுத்தால் வளைவில் படகு மாதிரி சாயும். வரப்புக்கு ஒன்றரை அங்குலம் தாராளம்.

ஷாக் மட்டும் இந்த உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் வாங்குங்கள். மொத்த ஓட்டத்தில் பாதிக்குப் பக்கமாவது கீழ்நோக்கி மிச்சம் இருக்க வேண்டும். வாங்குவதற்கு முன் முழுசாக அமுக்கிய நீளத்தையும் பாருங்கள். அச்சு மேலே வரும்போது தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடுவதற்கு முன்னால் ஷாக் அடி தட்டினால் ஷாக் உடைந்துவிடும்.

---

பட்டறை வீட்டுப் பிள்ளை

எங்கள் அப்பா 30 வருடம் கமான் பட்டறை வைத்திருந்தவர். நான் இப்போது வேறு வேலை பார்க்கிறேன், ஆனால் வளர்ந்தது அந்தச் சத்தத்தில்தான். நாகமலை அண்ணன் சொன்ன கணக்கு சரி. பட்டறைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

பழைய பட்டையையே உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, அப்படியே தரையில் ஆறப்போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். கமான் எஃகு சிவக்கக் காய்ந்தால், எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால்தான் துள்ளல் திரும்பி வரும். பதம் போன பட்டை பார்க்க அழகாக வளைந்திருக்கும், இரண்டே மாதத்தில் படுத்துவிடும். கொஞ்சம் வளைவு கூட்டுவதென்றால் சூடு காட்டாமல் பச்சையாக அடித்தோ பிரஸ்ஸில் அமுக்கியோ செய்யலாம். அடிக்கிறவர் கையைப் பாருங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடிக்கக் கூடாது, முனையிலிருந்து நடுவுக்கு விரற்கடை விரற்கடையாக நகர்த்தி அடிக்க வேண்டும். அப்பா அடித்த பட்டையில் சுத்தியல் தடம் தென்னை ஓலைக் கீற்று மாதிரி வரிசையாக இருக்கும். புதுப் பட்டை என்றால் கமானுக்கான எஃகுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

பட்டைகளின் முனைக்கு நடுவில் நைலான் துண்டு வைக்கச் சொல்லுங்கள். பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறினால் எட்டுப் பட்டையும் ஒரே கட்டையாகிவிடும். சின்னக் குழிக்கெல்லாம் கமான் வேலையே செய்யாது. ஆயில் ஊற்றாதீர்கள், கரிசல் தூசி ஒட்டி அரைக்கும். துருவைச் சுரண்டி கிராபைட் பூசினால் போதும். பக்கவாட்டுக் கிளிப்பும் பட்டையை நெரிக்கக் கூடாது, நகர இடம் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதைப் பத்தில் எட்டுப் பேர் தப்பாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஷேக்கிள் (பட்டையின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைத்து ஆடவிடும் இரும்பு இணைப்பு) போல்ட்டையும், பட்டை முனையில் இருக்கிற கண் போல்ட்டையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதுவே ஒரு ஸ்பிரிங் மாதிரி விறைக்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தை மாட்டி, தரையில் இறக்கி, நாலு தடவை அமுக்கிவிட்டு, அப்புறம் இறுக்கச் சொல்லுங்கள். யு-போல்ட் புதுசு போடுங்கள், 500 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள்.

---

மேலூர் தார்

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2003 வண்டி என்றால் 15 வருடம் எப்போதோ முடிந்து, 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போகவேண்டியிருக்கும். வண்டியைப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். உயரத்தைக் குறைக்கும் எண்ணத்தில் இருக்கும்போதே கம்பெனி உயரத்துக்கே போவதையும் ஒருதரம் யோசியுங்கள்.

---

கரிசல் ஜிப்ஸி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முதலில் எல்லோருக்கும் நன்றி, மனதாரச் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு கமான் பட்டறையில் சொல்லிப் பின்பக்கம் 6 மில்லியில் 6 பட்டை, முன்பக்கம் 5 பட்டை புதிதாகச் செய்து வாங்கினேன். வளைவை அடிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். தரையில் சாக்கட்டியால் வளைவை வரைந்து வைத்து, நாலு அடி அடித்ததும் பட்டையை அந்தக் கோட்டின் மேல் நிறுத்திப் பார்ப்பார், மறுபடி எடுத்து அடிப்பார். சுத்தியல் தடம் நீங்கள் சொன்ன மாதிரியே கீற்றுக் கீற்றாக விழுந்தது. அடுக்கி முடித்தபோது பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில் தாள்கூட நுழையாத மாதிரி முனைகள் உட்கார்ந்தன. அப்புறம் நைலான் துண்டு வைக்கத் திறந்தார்.

பழைய செட்டைக் கழற்றியபோது இரண்டு விஷயம் தெரிந்தது. பின் வலப்பக்கம் கீழே இருந்த இரண்டு பட்டையும் துருவில் ஒட்டிக்கொண்டு, உளி வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. ஷேக்கிள் புஷ் நாலும் ஒரே திசையில் முறுக்கிக் கிழிந்திருந்தன. முன்னால் இறுக்கியவர்கள் தொங்கவிட்டே இறுக்கியிருக்கிறார்கள் போல. இந்த முறை தரையில் இறக்கிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும் என்று நானே பக்கத்தில் நின்றேன்.

ஷாக் நீளமானது கிடைத்தது. இப்போது கீழ்நோக்கி 90 மில்லி மிச்சம்.

அதே நாலு சிமெண்ட் மூட்டையை ஏற்றி அளந்தேன். 35 மில்லி இறங்கியது. நாகமலை அண்ணன் கணக்கு அப்படியே வந்தது. உயரம் பின்னால் ஒரு அங்குலம் குறைந்திருக்கிறது, முன்னால் முக்கால். வாய்க்கால் வரப்பு இரண்டிலும் வயிறு தட்டவில்லை. திருமங்கலம் ரோட்டில் 60க்கு மேல் போனால் வளைவில் முன்னைவிடக் கொஞ்சம் சாய்கிறது, அது தெரிகிறது. அதற்குத் தகுந்த மாதிரி ஓட்டுகிறேன்.

போன ஞாயிறு அப்பாவிடம் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார். மக்காச்சோளத்துக்கு உரம் ஏற்ற வேண்டும், எக்ஸ்எல்லில் முடியாது என்றேன். ஏறினார். மேலே இருக்கிற கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். டயரில் 20 காற்று, இரண்டாவது கியர். அவர் போன தடவை இறங்கிய வேப்பமரத்தடி வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டிராக்டர் தடத்தில் முன்சக்கரம் இறங்கியது, பின்சக்கரம் இறங்கியது, ஏறியது. சத்தம் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து, பக்கத்துக் காட்டைக் காட்டி, “அவன் பருத்தியில களை எடுக்கவே இல்ல பாரு” என்றார். மோட்டார் ரூம் வரைக்கும் ஊர்க்கதைதான்.

ஒரு சந்தேகம் பாக்கி. லிஃப்ட் போட்டவர் முன்னால் நீளமான ஷேக்கிள் மாட்டியிருக்கிறார், அதை நான் இன்னும் மாற்றவில்லை. திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை, கையால் திருப்ப வேண்டியிருக்கிறது. இது கேஸ்டர் (சக்கரம் திரும்புகிற அச்சு பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்ததாலா?

---

நாகமலை நாலுசக்கரம்

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

ஆமாம், கேஸ்டர்தான். ஜிப்ஸியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது. அது நீளமானால் அச்சின் மேல்பக்கம் முன்னால் சாயும், கேஸ்டர் குறையும். கம்பெனி ஷேக்கிளையே திரும்ப மாட்டிப் பாருங்கள், முன்னால் இன்னும் கொஞ்சம் உயரம் குறையும், ஸ்டியரிங் சரியாகிவிடும். உயரம் வேண்டுமென்றே இருந்தால் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரண்டு டிகிரி இரும்பு ஆப்பு வைக்கலாம். எந்தப் பக்கம் கனமான முனை வர வேண்டும் என்பதை அலைன்மென்ட் மெஷினில் அளந்து பார்த்து வையுங்கள், திருப்பி வைத்தால் இருப்பதும் போய்விடும். என்னைக் கேட்டால் ஷேக்கிளை மாற்றுங்கள். 500 கிலோமீட்டரில் யு-போல்ட் இறுக்கப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே இதையும் சேர்த்து முடித்துவிடலாம்.

---

கரிசல் ஜிப்ஸி

சரி அண்ணே. மீட்டரில் 410 ஓடியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை பட்டறைக்குப் போகிறேன், கம்பெனி ஷேக்கிள் இரண்டும் தேடி வைத்திருக்கிறேன். அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.